பைபாஸில் இறக்கிவிடப்படுகிறவர்கள் சார்பாக ஒரு திறந்த மடல்

இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் சென்னை, மதுரை மண்டல அலுவலகங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் நாலு வழிச்சாலையைப் பற்றி எழுதுகிறேன். சுங்கக் கட்டணம் கூடிவிட்டது என்று முறையிட வரவில்லை. அதைச் சொல்ல லாரி உரிமையாளர்கள் இருக்கிறார்கள், கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில் பாதிச் சாவடிகளிலும் செப்டம்பரில் மீதிச் சாவடிகளிலும் கட்டணம் ஏறும்போதெல்லாம் அவர்கள் குரல் கொடுக்கிறார்கள், பத்திரிகைகளும் போடுகின்றன. நான் எழுதுவது வேறொரு ஆளுக்காக. அந்தச் சாலையில் பேருந்தில் வந்து, தன் ஊர் வந்ததும் ஊருக்குள் இறங்க முடியாமல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருட்டில் இறக்கிவிடப்படுகிற ஆள் அவர். அவரைப் பற்றி உங்களில் ஒருவரிடம் கேட்டால் இன்னொருவரைக் கை காட்டுவீர்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

நான் நாங்குநேரி வட்டத்துக்காரன். பிழைப்பு சென்னைப் பக்கம். எங்களைப் போன்ற தென்மாவட்டத்து ஆட்களுக்கு இந்தச் சாலைதான் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள ஒரே பாலம். ரயிலில் இடம் கிடைத்தால் ரயில். தீபாவளி, பொங்கல், கோயில் கொடை, திடீரென்று ஒரு துட்டி (சாவு) என்றால் பேருந்துதான். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கே போகிறவர்களின் பயணம் இந்தச் சாலையின் மேலேயே தொடங்குகிறது.

இது எவ்வளவு பெரிய சாலை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பேருந்து சன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரிகிறது என்பதையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் பாலாற்றைத் தாண்டி, மதுராந்தகம் ஏரிக்கரையைத் தொட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று தொண்டை நாடு முடிந்து நடுநாடு வரும். உளுந்தூர்பேட்டையில் சேலம் போகிறவர்கள் பிரிந்துவிடுவார்கள். வேப்பூர், தொழுதூர், பெரம்பலூர் தாண்டினால் காற்றில் கொஞ்சம் ஈரம் வரும். கொள்ளிடத்தையும் காவிரியையும் அடுத்தடுத்துக் கடந்தால் திருச்சி. அப்புறம் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர், மதுரை. திருமங்கலம் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கும். விருதுநகர், சேவுக்குப் பெயர் போன சாத்தூர், 2020-இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி, 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு, தாமிரபரணி, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. காவல்கிணறு விலக்கில் (சாலை பிரிகிற இடத்தில்) ஒரு கிளை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குத் திரும்ப, இன்னொன்று குமரிமுனைக்குப் போகும். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். பேச்சு மாறுகிறது, குழம்பின் ருசி மாறுகிறது, வயலில் நிற்கிற பயிர் மாறுகிறது. இத்தனையையும் ஒரே இரவில் கோத்துத் தருகிற சாலை தமிழ்நாட்டில் வேறு கிடையாது.

அது அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே சாலைக்கு மேலேயே வெள்ளம் ஓடியது. தெற்கும் வடக்கும் அப்படியே நின்றுபோயின. அவ்வளவு பேர் இந்த ஒரு சாலையை நம்பி இருக்கிறோம்.

சாலை வந்ததற்கு நன்றி இல்லாதவன் அல்ல நான். பழைய 45-ஆம் எண், 7-ஆம் எண் நெடுஞ்சாலைகளில் ஒற்றைத் தடத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. எதிரே வருகிற பேருந்தின் விளக்கு கண்ணைக் குத்த, ஓட்டுநர் முந்தவா வேண்டாமா என்று ஸ்டியரிங்கை அசைத்துக்கொண்டே இருப்பார். முன் இருக்கையில் உட்கார்ந்தவருக்குத் தூக்கம் வராது. நாலு வழியான பிறகு அந்தப் பயம் போனது. சென்னைக்கு ஓர் இரவில் போய்விடலாம் என்ற நம்பிக்கை வந்தது. திருநெல்வேலியில் மாலையில் பறித்த பூவும் காயும் விடியும் முன்னே கோயம்பேடு போய்ச் சேர்கின்றன. இதெல்லாம் பெரிய காரியம். மறுக்கவே இல்லை.

ஆனால் சாலையை அகலப்படுத்தியபோது ஊர்களை விலக்கிவிட்டுப் போனீர்கள். அதற்கும் காரணம் இருந்தது. கடைவீதியை இடித்துத்தான் நாலு வழி போட வேண்டுமென்றால் எந்த ஊரும் ஒப்புக்கொண்டிருக்காது. தேர் ஓடும் வீதி, சந்தை, பள்ளிக்கூட வாசல் இவற்றின் நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போவதும் நல்லதல்ல. ஆகவே புறவழிச்சாலை சரி. எனக்கு அதில் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், ஊரை விட்டு விலகிய சாலையில் ஊர்க்காரன் எங்கே இறங்குவான், எங்கே ஏறுவான், எப்படி ஊருக்குள் போவான் என்ற கேள்விக்கு இத்தனை வருடமாக யாரும் முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை என்பதில்தான்.

பேருந்து நிலையத்தில் நடக்கிற பேச்சு தினமும் ஒரே மாதிரிதான்.

“அண்ணாச்சி, நாங்குநேரி போகுமா?”

“பைபாஸ்தான். ஊருக்குள்ள போகாது.”

“பைபாஸ்ல நிக்குமா?”

“நாகர்கோவில் டிக்கெட்னா ஏறுங்க. இல்லன்னா பின்னாடி வண்டி வருது, பாருங்க.”

பின்னால் வருகிற வண்டியிலும் இதே பதில்தான். திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் இந்தப் பேச்சைக் கேட்காத நாங்குநேரிக்காரர் இருக்க மாட்டார். வானமாமலைப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர், வட்டத் தலைநகரம், பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் பத்திர ஆபீஸ், கோர்ட், மருத்துவமனை. ஊர்ப் பெயரில் ஒரு சுங்கச்சாவடியும் இருக்கிறது. ஆனால் தூரத்துப் பேருந்துகள் ஊருக்குள் வர வேண்டும் என்று மக்கள் மறித்தும் மனு கொடுத்தும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாங்குநேரி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி - மதுரை வண்டியில் துவரங்குறிச்சிக்கும் மேலூருக்கும் டிக்கெட் கேட்டுப் பாருங்கள். ‘பைபாஸ் ரைடர்’ என்று பலகை மாட்டிய வண்டியில் சாத்தூர் இறங்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். தென்மாவட்டத்தில் இப்படி ஒவ்வொரு ஊர்க்காரரிடமும் ஒரு கதை இருக்கும்.

பகலில் இது தொல்லை. இரவில் ஆபத்து.

ஒரு தடவை தெற்கே ஒரு விலக்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த வண்டி என்பது முக்கியமில்லை. எந்த ஊராகவும் இருக்கலாம். அதிகாலை மூன்று மணி இருக்கும். நடத்துநர் விசில் கொடுத்தார், வண்டி முழுதாக நிற்பதற்குள் “சீக்கிரம் சீக்கிரம்” என்றார். ஒரு பெண் இறங்கினார். இடுப்பில் தூங்குகிற பிள்ளை, கையில் துணிப்பை, அப்புறம் வண்டியின் பின்பக்கத்திலிருந்து இறக்கிக் கொடுத்த ஒரு சின்ன அரிசி மூட்டை. வண்டி போய்விட்டது. அங்கே உயர்கோபுர விளக்குக் கம்பம் ஒன்று நின்றது, விளக்கு எரியவில்லை. நிழற்குடை இல்லை. ஊர் எதிர்ப்பக்கம். நடுவே சென்டர் மீடியன், அதில் ஆள் உயரத்துக்கு அரளி. கொஞ்ச தூரத்தில் யாரோ செடியை ஒடித்து, தடுப்புக்கல்லை உடைத்து வழி பண்ணியிருந்தார்கள். அந்தப் பெண் முதலில் மூட்டையைக் கொண்டுபோய் மீடியன் மேல் வைத்தார். திரும்பி வந்து பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டார். அவர் பாதித் தூரம் கடந்தபோது ஒரு லாரி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே வந்தது. அவர் அரளிச் செடியோடு ஒட்டி நின்றார். லாரி கிளப்பிய காற்றில் பிள்ளை விழித்து அழுதது. எதிர்ப்பக்கம் தம்பி டூவீலரோடு நின்றுகொண்டிருந்தார். அவராலும் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வந்தால் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும், அல்லது ராங் சைடில் வர வேண்டும்.

ராங் சைடில் வருகிறார்கள், மீடியனை உடைக்கிறார்கள் என்று உங்கள் பொறியாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மைதான், உடைக்கிறார்கள். உடைத்த இடங்களைக் குறித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்: ஒவ்வொன்றும் ஒரு விலக்குக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு டீக்கடைக்கு, ஒரு சுடுகாட்டுப் பாதைக்கு நேராகத்தான் இருக்கும். மக்கள் எங்கே கடக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியை மறுபடி கல் வைத்து அடைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கே ஒரு சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ, குறைந்தபட்சம் வெளிச்சமும் வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடும் வேண்டும்.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன். பேருந்துப் பயணி சுங்கம் கட்டுவதில்லை என்ற ஒரு நினைப்பு பொதுவாக இருக்கிறது. அவர் சாவடியில் பர்ஸைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், 2007-08-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, ஒரு கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 பைசா என்று வைத்தீர்கள். வருடா வருடம் ஏறினாலும் விகிதம் அதேதான்: ஒரு கார் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரு பேருந்து கட்டுகிறது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவில் போட்ட புறவழிச்சாலை என்றால் அதற்கு ஒன்றரை மடங்குக் கட்டணம். ஊரைச் சுற்றிப் போட்ட சாலைக்கே கூடுதல் காசு வாங்க வழி இருக்கிறது. அந்தச் சாலையால் ஊருக்கு வெளியே நிற்கிற ஆளுக்கு ஒரு விளக்கு என்ற பேச்சு வரும்போது மட்டும் ‘நிதி ஒதுக்கீடு’ என்ற சொல் வந்துவிடுகிறது.

சலுகை என்று வந்தாலும் அப்படித்தான். சாவடியைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு, சொந்த வண்டி இருந்தால். 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு வருடப் பாஸ் வந்தது, 200 தடவை கடந்து போகலாம், அதுவும் சொந்தக் கார், ஜீப், வேனுக்கு. கார் வைத்திருப்பவருக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. பேருந்தில் வருகிற ஐம்பது பேருக்கு இந்தச் சாலை என்ன செய்தது என்று அதே மூச்சில் கேட்க வேண்டும் என்கிறேன்.

2025 ஜூலையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் பாக்கி வைத்திருக்கின்றன என்று வழக்கு. அந்த மாதம் 10-ஆம் தேதி முதல் அந்தச் சாவடிகள் வழியாக அரசுப் பேருந்துகளை விடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. தென்மாவட்டம் முழுக்க அன்றைக்கு இதுதான் பேச்சு: நாளைக்குப் பேருந்து ஓடுமா, ஓடாதா? அப்புறம் அரசு அவகாசம் கேட்டது, உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பாக்கியைக் கட்டுவது, தள்ளுபடி கேட்பது எல்லாம் உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. எனக்கு அதில் தெரிந்த ஒன்று இதுதான்: கட்டணம் என்று வந்தால் பேருந்து இந்தச் சாலையின் முக்கியமான வாடிக்கையாளர், அதற்குக் கணக்கும் வழக்கும் உண்டு. அந்த நான்கு சாவடிகளுக்கு நடுவே உள்ள விலக்குகளில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்ற கணக்கு அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை.

புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வழிச்சாலை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட கையேடு இருக்கிறது. ஒப்பந்தங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. பேருந்து ஒதுங்கி நிற்க பஸ் பே, பயணிகள் நிழற்குடை, லாரி நிறுத்துமிடம், தெருவிளக்கு, நடந்து கடக்கிறவர்களுக்கான வசதி, சர்வீஸ் ரோடு எல்லாம் அதில் இருக்கின்றன. சில இடங்களில் கட்டியும் இருக்கிறீர்கள். கட்டிய இடங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நிழற்குடை ஓர் இடத்தில், பேருந்து நிற்பது முந்நூறு மீட்டர் தள்ளி மேம்பாலத்தின் ஏற்றத்தில். நிழற்குடைக்குள் ஆடு படுத்திருக்கிறது, ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஏனென்றால் நிழற்குடை எங்கே வேண்டும் என்று நடத்துநரையும் கேட்கவில்லை, ஊர்க்காரரையும் கேட்கவில்லை. சர்வீஸ் ரோடு பாலத்தின் ஒரு பக்கம் வரை வந்து அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் போக வேண்டியவர் பிரதான சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும்.

நடந்து போகிறவர்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. இந்தச் சாலை வெறும் வண்டிச் சாலை அல்ல. தைப்பூசம், மாசி, பங்குனி, சித்திரை என்று வந்துவிட்டால் மேல்மருவத்தூருக்கும் சமயபுரத்துக்கும் விராலிமலைக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். பழைய சாலையில் புளியமரம் இருந்தது, நிழலில் உட்கார்ந்தார்கள். அகலப்படுத்தும்போது அந்த மரங்கள் போயின. இப்போது வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தார், அதற்கப்பால் சரளைக்கல். வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிக் காவல்துறை கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு கூட்டத்தின் மேல் வண்டி ஏறிவிட்டது என்ற செய்தி வருகிறது. பாதயாத்திரை எந்த மாதம், எந்த வழி என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அந்த நாட்களில் சமயபுரத்துக்கு முன்னும் பின்னும், மேல்மருவத்தூருக்கு இரு பக்கமும் சர்வீஸ் ரோட்டைச் சுத்தம் செய்து, அதில் நிற்கிற லாரிகளை எடுத்து, நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாதா?

பேருந்துக்குள் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு, அதைப் பெண்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் வெளியே சொல்வதில்லை. என் அக்கா சென்னைக்கு வருவதென்றால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். அத்தையும் அப்படித்தான், சர்க்கரை நோயாளி. வண்டி எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. நின்றால் ஏதாவது ஒரு மோட்டலில் நிற்கும். தோசை விலை அங்கே எழுதிப் போட்டிருக்காது, சாப்பிட்ட பிறகுதான் தெரியும். கழிப்பறை வாசலில் ஒருவர் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி. பல சாவடிகளில் இருக்கவும் செய்கிறது. பேருந்து அங்கே நிற்பதில்லை, நின்றாலும் ஃபாஸ்டேக் பீப் அடிக்கிற நேரம்தான். பரனூரிலிருந்து நாங்குநேரி வரை இத்தனை சாவடிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று இடத்தில் பேருந்து ஒதுங்கப் போதுமான இடம் விட்டு, தண்ணீரும் தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை கட்டி, பத்து நிமிடம் நின்றுதான் போக வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் என் அக்கா மாதிரி எத்தனையோ பேர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துவிட்டு வண்டி ஏறுவார்கள்.

இப்போது போக்குவரத்துக் கழகத்தாரோடு தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். நடத்துநரையும் ஓட்டுநரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு டைம் ஷீட் இருக்கிறது, டீசல் கணக்கு இருக்கிறது, வசூல் கணக்கு இருக்கிறது. ஊருக்குள் போய் வந்தால் கால் மணி நேரம் போகும், அந்தக் கால் மணியை ஷீட்டில் கொடுக்காமல் “ஊருக்குள் போ” என்று மட்டும் சுற்றறிக்கை அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றறிக்கை வந்த வாரம் போவார்கள், அப்புறம் பழையபடி ஆகிவிடும். நாங்குநேரி விஷயத்தில் இப்படி எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். நேரத்தைக் கொடுங்கள். குறைந்தது இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை, வட்டத் தலைநகரமாக இருக்கிற எந்த ஊரையும் எந்த அரசுப் பேருந்தும் பைபாஸில் கடந்து போகக் கூடாது என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் நெரிசல் கிடையாது, பத்து நிமிடத்தில் போய் வந்துவிடலாம். பகலில் பைபாஸ் ரைடர் ஓடட்டும், வேகமாகப் போக வேண்டியவர்களும் இருக்கிறார்களே. ஆனால் அதற்கு இணையாக ஊருக்குள் போகிற வண்டி எப்போது என்று அந்த ஊர் நிலையத்தில் எழுதிப் போடுங்கள். பைபாஸில் இறங்குகிறவரிடம் அடுத்த பெரிய ஊர் வரைக்கும் டிக்கெட் வாங்குகிற வழக்கத்தை நிறுத்துங்கள். போகாத தூரத்துக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஆணையத்தாரிடம் கேட்பது வேறு. ஒவ்வொரு புறவழிச்சாலைக்கும் இரண்டு முனை இருக்கிறது, பெரும்பாலும் நடுவே ஒரு மேம்பாலமும் இருக்கிறது. இந்த இடங்களில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். அங்கே விடிய விடிய எரிகிற விளக்கு, ஊர்ப் பெயர் எழுதிய பலகை, பிரதான தடத்தை விட்டு விலகி நிற்க பஸ் பே, எதிர்ப்பக்கம் போகத் தண்ணீர் தேங்காத ஒரு சுரங்கப்பாதை. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதைகள் எத்தனை என்று உங்கள் ரோந்து வண்டிக்காரர்களுக்கே தெரியும். பழுதான விளக்கைப் பற்றி நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் செய்தால் விபத்தா, வண்டி பழுதா என்று கேட்கிறார்கள். இறங்குமிடம் இருட்டாக இருப்பதையும் ஒரு புகாராகப் பதிந்துகொண்டு எண் கொடுக்கச் சொல்லுங்கள். சுங்கக் கட்டணம் ஏறுகிற அறிவிப்பு வெளியிடும் நாளிலேயே, அந்தச் சாவடியின் எல்லைக்குள் எத்தனை விலக்கு, எத்தனையில் பஸ் பே இருக்கிறது, எத்தனையில் விளக்கு எரிகிறது என்ற பட்டியலையும் தமிழில் வெளியிடுங்கள். கட்டணத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிட முடிகிறவர்களுக்கு இதைக் கணக்கிடுவது சிரமமாக இருக்காது.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு கோரிக்கை. ஆய்வு என்றால் பகலில் ஜீப்பில் போகிற ஆய்வு வேண்டாம். உங்கள் மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவரும் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒருவரும் சேர்ந்து, கிளாம்பாக்கத்தில் மாலை ஏழு மணிக்குச் சாதாரணப் பயணியாக டிக்கெட் எடுத்து ஏறுங்கள். பெண் அதிகாரி ஒருவரும் கூட வந்தால் இன்னும் நல்லது. பெரம்பலூரிலோ துவரங்குறிச்சியிலோ சாத்தூரிலோ இறங்க வேண்டும் என்று கேளுங்கள். எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து ஊருக்குள் நடங்கள். மறுநாள் இன்னொரு ஊர். திருநெல்வேலி வந்து சேர்ந்ததும், அங்கிருந்து நாங்குநேரிக்கு ஒரு டிக்கெட் கேளுங்கள்.

அப்படி வந்து பார்த்து நீங்கள் எழுதுகிற அறிக்கை எதுவானாலும் அதை வெளியிடுங்கள். எந்தெந்த விலக்கில் என்ன வேலை, யார் செலவு, எப்போது முடியும் என்பது அதில் இருந்தால் போதும். அடுத்த கட்டண உயர்வுக்கு முன்னால் அது எங்கள் கைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டத்துப் பேருந்துப் பயணி ஒருவர்